தார்சாவில் 210, அடுக்களையில் 6: செங்கோட்டை வீடொன்றில் 300 எம்பிபிஎஸ் போன வழி

செங்கோட்டைப் பழைய தெருக்களில் வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. இந்த ஆய்வுக்கு எடுத்த வீடு 16 அடி அகலம், 84 அடி நீளம். தெருப்பக்கம் தார்சா என்னும் முன்கட்டு, அடுத்துப் பட்டாசல் என்னும் கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கடைசியில் புறவாசல். பட்டாசலுக்கு மேலே மரப்பலகை பாவிய மச்சு. குறுக்குச் சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். புளியரை, தென்காசி வரை இதே அமைப்பில் நிறைய வீடுகள் உண்டு. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறுகளை ஒரே வீட்டில் வைத்து இங்கே எழுதியிருக்கிறது. அளவுகளும் அந்த மாதிரி வீட்டுக்கு உரியவை.

வீட்டில் 50 எம்பிபிஎஸ் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் திருவனந்தபுரத்து டெக்னோபார்க் கம்பெனி வேலையை இரண்டாங்கட்டு அறையிலிருந்து பார்க்கிறார். பேரனுக்கு மச்சில் ஆன்லைன் வகுப்பு. தாத்தாவுக்குப் பட்டாசலில் டிவி. வாசலிலும் புறவாசலிலுமாக 4 கேமரா. மீட்டிங் நடுவே படம் உறைகிறது என்று 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினார்கள். மாறிய பிறகும் உறைந்தது.

போனில் வேகச் சோதனை ஓட்டியபோது கிடைத்தவை: தார்சாவில் 210, பட்டாசலில் 70, இரண்டாங்கட்டில் 22, மச்சில் 8, அடுக்களையில் 6. மேசைக் கம்ப்யூட்டரில் கேபிள் வழியாக 94. ஆறு அளவும் ஆறு விதம். இந்த நிலையில் 500க்கு மாறலாமா என்று கேட்பதில் பொருளில்லை. 50 எம்பிபிஎஸ் காலத்தில் முன்பக்க அறைகளுக்காவது குறுகல் கம்பெனி கொடுத்த அளவில் இருந்தது. இப்போது அது வீட்டுக்குள் வந்துவிட்டது.

அளப்பதற்கு முன்

திட்டத்தில் சொல்வது மெகாபிட். டவுன்லோட் பெட்டியில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 300 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 37.5 மெகாபைட். 2 ஜிபி கோப்பு முழு வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் இறங்கும். 94இல் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாங்கட்டில் கிடைத்த 22இல் பன்னிரண்டு நிமிடம். '300 என்று சொல்லி 37தான் தருகிறார்கள்' என்ற சண்டைகளில் பாதி இந்த எட்டில் முடிந்துவிடும்.

இன்னொன்று, சோதனையை வாசலிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். அடுக்களையில் நின்றுகொண்டு 6 வருகிறதே என்று யோசித்தால் ஐந்து காரணம் ஒன்றாகக் குழம்பும். முதலில் தெருவிலிருந்து வரும் ஃபைபர், அடுத்து அதன் ஒளியை வாங்கி கேபிளிலும் வைஃபையிலும் நெட் தரும் பாக்ஸ், அதன் பிறகு கேபிள், கடைசியில்தான் வைஃபை.

ராத்திரி பத்து மணிக்குப் போகும் நெட்

வீட்டுக்காரர்களின் முதல் புகார் வேகம்கூட இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் நெட் விட்டுவிட்டு வருகிறது, பாக்ஸில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக மினுக்குகிறது என்பதுதான். லைன்மேன் இரண்டு முறை பகலில் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, ஒளி சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதும் உண்மைதான்.

பாக்ஸின் உள்பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் (பெரும்பாலும் 192.168.1.1) ஒளியின் வரவு அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் எண், பூஜ்யத்தை விட்டு விலக விலக ஒளி குறைவு, 3 குறைந்தால் ஒளி பாதி. இங்கே வீடுகளுக்கு வரும் ஜிபான் வகைப் பாக்ஸுக்கு (ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிடும் முறை) வழக்கமான கீழ் எல்லை மைனஸ் 27. பகலில் இந்த வீட்டில் மைனஸ் 21.6. ராத்திரி அதே பக்கத்தைத் திறந்தால் மைனஸ் 28.3.

காரணம் தெரு ஜன்னல். ஃபைபர் கேபிள் ஜன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நுழைந்து வந்தது. பகலில் கதவு திறந்திருக்கும். படுக்கப் போகும்போது சாத்துவார்கள். சாத்தினால் கீல் பக்கத்தில் கேபிள் மடங்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி ஓடுகிறது. கூர்மையாக வளைத்தால் வளைவில் வெளியே கசிந்துவிடும். வளைவுக்கு ஈடுகொடுக்கும் இழை வகைகளில் வழக்கமானவையே 7.5 முதல் 10 மில்லிமீட்டர் ஆரம்வரைதான் தாங்கும். சுண்டுவிரலைச் சுற்றினால் வரும் வளைவு அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். கேபிளின் உறையோடு சேர்த்து, உள்ளங்கையளவு வட்டத்துக்குக் குறையாமல் விடுவது நல்லது.

ஜன்னலை விட்டுவிட்டுச் சுவரில் தனித் துளை போட்டார்கள். ஒன்றரை அடிச் சுவருக்கு 20 அங்குல நீளமுள்ள 14 மில்லிமீட்டர் டிரில் பிட் வேண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் டிரில்லின் ஹேமர் நிலையைப் போட்டு அழுத்தினால் வெளிப்பக்கம் தட்டுத் தட்டாகப் பெயரும். கடைசி இரண்டு அங்குலத்துக்கு ஹேமரை அணைத்து மெதுவாகப் போக வேண்டும். துளை உள்ளிருந்து வெளியே தாழ்ந்து சரிய வேண்டும். கேபிள் துளைக்குள் நுழையும் முன் வெளியே ஒரு கை நீளம் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும். ஆனியிலும் ஆடியிலும் சாரல் நாள் முழுக்கப் பிடிக்கும் ஊர் இது. அந்தத் தொங்கல் இல்லாவிட்டால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே நேராகப் பாக்ஸுக்கு வந்துவிடும்.

கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டது லைன்மேன். பச்சை நிறக் கனெக்டர் பச்சைச் சாக்கெட்டுக்குத்தான். அதன் முனை 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்டது. நீல நிறக் கனெக்டரின் முனையில் அந்தச் சாய்வு இல்லை. பச்சையை நீலத்தில் சொருகினால் உட்காரும், ஆனால் முனைகள் ஒட்டாது. கழற்றிய முனையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சிழை விடாத துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, கண்ணுக்கு நேராகப் பிடிக்கவும் கூடாது. உள்ளே வருவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது.

இப்போது இரவும் பகலும் மைனஸ் 21.4. இதை மைனஸ் 18 ஆக்கித் தா என்று லைன்மேனைப் பிடித்து நிறுத்துவதில் பலனில்லை. எல்லைக்குள் இருக்கும்வரை ஒளி கூடினால் வேகம் கூடாது. எல்லையைத் தாண்டினால் பிழைகள் பெருகி இணைப்பு அறுந்து அறுந்து வரும். இங்கே கவனிக்க வேண்டியது அளவு மாறுகிறதா என்பதுதான். தென்னை மட்டை விழுந்தாலும், குற்றாலப் பக்கத்துக் குரங்கு கேபிளைப் பிடித்துத் தொங்கினாலும் முதலில் இந்த எண் அசையும். மாதம் ஒருமுறை பார்த்துக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

94 என்ற எண்

கேபிள் வழியாக 94 வருகிறது என்றால் சோதனையை அங்கேயே நிறுத்தலாம். அது நெட்டின் வேகம் இல்லை. வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதன் கையெழுத்து. கணக்கு எளிது. கம்பியில் ஒரு தரவுப் பொட்டலம் (பாக்கெட்) பிடிக்கும் இடம் 1538 பைட். அதில் நமக்கான சரக்கு 1460 பைட். மீதி முகவரியும் இடைவெளியும். 1460ஐ 1538ஆல் வகுத்தால் 0.949. நூற்றுக்கு 94 சொச்சம்.

இந்த வீட்டில் அந்த மாட்டல் இரண்டு இடத்தில் இருந்தது. பலர் தடுமாறுவது இங்கேதான். ஒன்றைச் சரிசெய்தால் எண் அசையாது. நம் ஊகம் தப்பு என்று விட்டுவிடுவார்கள்.

முதலில் லேப்டாப்பைப் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, ஒரு மீட்டர் ரெடிமேட் பேட்ச் கேபிளால் மாட்டினார்கள். கம்ப்யூட்டருக்குப் போன கேபிள் இருந்த, பாக்ஸின் மூன்றாவது லான் துளையில் 94. முதல் துளையில் 296. நான்கு துளையுள்ள பாக்ஸ்களில் ஒன்று மட்டும் கிகாபிட்டாகவும் (1000 எம்பிபிஎஸ்) மற்றவை 100 ஆகவும் இருப்பது சாதாரணம். துளையின் பக்கத்தில் ஜிஇ (கிகாபிட்), எஃப்இ (100) என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆக, பாக்ஸ்வரை 300 வந்துவிட்டது. கம்பெனியின் பொறுப்பு இங்கே முடிகிறது.

பிறகு நீளக் கேபிளை முதல் துளைக்கு மாற்றினார்கள். மறுபடி 94. கேபிளின் முனையைப் பார்த்தால் விஷயம் விளங்கியது. எட்டுக் கம்பியில் நாலுதான் பிளக்குக்குள் போயிருந்தது. நீல ஜோடியைப் பிரித்து வாசல் இன்டர்காமுக்குக் கொடுத்திருந்தார்கள். பழுப்பு ஜோடி சும்மா வெட்டப்பட்டிருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும் என்பதால் அந்தக் காலத்தில் இது தப்பான வேலை இல்லை. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு பக்கமும் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. விண்டோஸில் ஈதர்நெட் விவரத்தில் இணைப்பு வேகம் 1000/1000 என்று இருக்கிறதா, 100/100 என்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எளிய வழி. லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர் மாட்டுபவர்கள் அதையும் சந்தேகிக்க வேண்டும். மலிவானவை பல 100தான்.

ஒரு கேபிள் இழுத்த கதை

'அண்ணாச்சி, பாக்ஸ் தார்சாவுலயே இருக்கட்டும், உள்ள கொண்டுபோனா சுவரைத் துளைக்கணும்' என்று முதலில் மாட்டியவர் சொன்னது அவருக்கு வசதி. பாக்ஸ் தார்சாவில் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் இரண்டாங்கட்டுக்கு ஒரு நல்ல கேபிள் போயே ஆக வேண்டும். இந்த வீட்டில் செலவழித்ததில் முழுப் பலன் தந்தது இந்த ஒன்றுதான்.

25 மீட்டர் கேட் 6, சுத்தச் செம்பு. கடையில் கேபிள் வாங்கும்போது ஒரு கம்பியை வெட்டி முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தில் செம்புப் பூச்சு. அது எடை குறைவு, விலை குறைவு, இரண்டு முறை மடக்கினால் உள்ளேயே முறியும்.

கேபிள் முற்றத்து ஓரமாக 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் போனது. கரண்டு வயர் போகும் குழாயில் சேர்த்து விடக் கூடாது. பக்கத்தில் ஓடினால் ஒரு சாண் இடைவெளி, குறுக்கிட்டால் செங்கோணத்தில். முற்றத்தில் வெயில் படும் இடத்தில் குழாய் இல்லாமல் விட்டால் சாம்பல் நிற உறை கொஞ்ச காலத்தில் வெடித்துவிடும்.

முனை போடும் வேலை இப்படி. உறையை 3 சென்டிமீட்டர் உரிக்க வேண்டும், உள்ளே கம்பியின் தோலில் பிளேடு படக் கூடாது. ஜோடிகளைப் பிரித்து வரிசையாக வைக்க வேண்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நாலாவது நீலம், ஆறாவது பச்சை என்பதில்தான் கை தவறும். முறுக்கைப் பிரித்த நீளம் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; முறுக்குதான் ஒரு ஜோடியின் இரைச்சல் மற்றதில் ஏறாமல் காப்பது. முனைகளை ஒரே வெட்டாக வெட்டி, பிளக்குக்குள் தள்ளி, எட்டுச் செம்பும் முன் சுவரைத் தொட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு கிரிம்ப் கருவியை அழுத்த வேண்டும். வெளி உறையும் பிளக்கின் பிடிக்குள் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுபடும் பாரம் முழுக்க எட்டு மெல்லிய கம்பியில் விழும். கேட் 6 கம்பி சற்றுத் தடிமன்; கேட் 5 பிளக்கில் முரண்டு பிடிக்கும், அதற்குரியதையே கேட்டு வாங்க வேண்டும். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக இரு பக்கமும் எரிய வேண்டும்.

இரண்டாங்கட்டில் கேபிளை நேராக மேசைக்குக் கொண்டுபோகாமல் சுவரில் ஐஓ பாக்ஸ் (கேபிள் சாக்கெட்) வைத்து முடித்தார்கள். குழாயில் போகும் கேபிளின் கம்பி ஒற்றைக் கம்பி. அடிக்கடி அசைத்தால் முறியும். மேசைக்குப் போவது வளைந்துகொடுக்கும் பேட்ச் கேபிள்.

வைஃபை

வீட்டில் ஏற்கெனவே ஒரு ரிப்பீட்டர் பட்டாசலில் இருந்தது. பல கடைகளில் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர், காற்றில் ஒவ்வொன்றையும் இருமுறை பேசுகிறது, வேகம் பாதியாகும். சிக்னல் கோடு நிறையக் காட்டும், படம் நகராது. அதைக் கழற்றிவிட்டு, இரண்டாங்கட்டில் கேபிள் முனையில் ஒரு ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டியாக) வைத்தார்கள். அந்த வசதியை மெனுவில் தேர்ந்தால் போதும். பழைய ரௌட்டரில் அப்படி மெனு இல்லையென்றால் மூன்று வேலை: அதன் முகவரியை 192.168.1.2 ஆக்குவது, டிஹெச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைப்பது, கேபிளை வான் துளையில் மாட்டாமல் லான் துளையில் மாட்டுவது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கத் தொடங்கி, சில போன்களில் மட்டும் நெட் வராது. எந்தப் போன் என்பது நாளுக்கு நாள் மாறும். பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், 5 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 36ஆம் சேனல், மற்றதுக்கு 149, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 11, அகலம் 20 மட்டும். 2.4இல் ஒன்றையொன்று மேயாதவை 1, 6, 11 மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் 40 அகலம் வைப்பது அண்டை வீட்டையும் கெடுத்துத் தன்னையும் கெடுத்துக்கொள்வது. பவரை நடுத்தரத்துக்குக் குறைத்தார்கள். முழுப் பவரில் விட்டால் போன் இரண்டாங்கட்டுக்கு வந்த பிறகும் தார்சா பாக்ஸையே பிடித்துத் தொங்கும்.

தார்சா பாக்ஸ் சுவரலமாரிக்குள், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், முன்னால் இரும்பு பீரோவோடு இருந்தது. அதை எடுத்துப் பட்டாசல் நிலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் வைத்தார்கள். ஒன்றரை அடிச் சுவரைத் துளைத்துப் போவதைவிட வாசல் திறப்பு வழியே போவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு எளிது. சாரல் காலத்தில் ஈரம் ஏறிய சுவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும்.

டிவிக்கு வைஃபையா கேபிளா என்று ஒரு கேள்வி வந்தது. பல டிவிகளின் லான் துளை 100தான். வைஃபை சோதனையில் கூடுதல் எண் காட்டும். இருந்தாலும் கேபிள்தான் சரி. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்வது 15 எம்பிபிஎஸ், 94 தாராளம். டிவி காற்றை விட்டு விலகினால் அந்த இடம் போன்களுக்கு மிஞ்சும்.

சரியானதும் வந்த புதுக் கோளாறு

வேலை முடிந்த மூன்றாம் நாள் மருமகளின் மீட்டிங் மறுபடி தடுமாறியது. பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்) 11 மில்லிசெகண்டிலிருந்து 190க்கு ஏறி இறங்கியது. இத்தனை நாள் வைஃபை மோசமாக இருந்ததால் பேரனின் போன் கேலரியை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது வழி திறந்துவிட்டது. ஏற்றத்துக்கு (அப்லோடுக்கு) உள்ள 100 எம்பிபிஎஸ்ஸையும் அது ஒன்றே பிடித்துக்கொண்டது. புளியரைச் சோதனைச் சாவடியில் லாரி வரிசைக்குப் பின்னால் பைக் நிற்கிற நிலை: பேச்சின் சின்னப் பொட்டலங்கள் கேலரிக்குப் பின்னால் காத்து நின்றன. திட்டத்தை உயர்த்தினால் தீராது. ரௌட்டரில் ஏற்ற எல்லை வைக்கும் மெனு இருந்தால் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தில் வைப்பது முறை. இந்தப் பாக்ஸில் அது இல்லை. பேக்கப் வேலை நேரத்தில் ஓடாதபடி நிறுத்தி, இரவில் சார்ஜில் போடும்போது ஓடுமாறு மாற்றினார்கள். பிங் அடங்கியது.

'நெட் வேகம் கூட்டும் ஆப்' ஒன்றும் போனில் இருந்தது. அதை அழித்ததில் இழப்பில்லை. டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சேவை) மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்குவது ஒரு துளி சுறுசுறுப்பாகலாம்; இறங்கும் வேகம் கூடாது.

கரண்டும் இடியும்

வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு; ஆனாலும் கரண்டு போகும்போதெல்லாம் பாக்ஸ் அணைந்து எழுந்தது, எழ மூன்று நிமிடம். இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலைக்குத் தள்ளியதும் நின்றது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைக்கலாம். வாங்கும் முன் பாக்ஸ் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டையும் ஆம்பியரையும், பின்னின் நடு முனை பிளஸ்ஸா என்பதையும் ஒப்பிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு: கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. கேபிளைத் தாங்க உறைக்குள் கூடவே வரும் இரும்புக் கம்பி கடத்தும். அதைச் சுவருக்கு வெளியிலேயே பிரித்து வெட்டி, இழையை மட்டும் உள்ளே விட்டார்கள். இடி நெருங்கினால் அடாப்டரைக் கழற்றுவது போதாது. வாசல் கேமராக்களுக்குப் போகும் செம்புக் கேபிளையும் பாக்ஸிலிருந்து உருவ வேண்டும்.

முடிவில் நின்ற அளவுகள்

தார்சாவில் போனில் 215. பக்கத்தில் நின்றும் 300 வராததற்குக் காரணம் போன்: ஒற்றை ஆன்ட்டெனா உள்ள வைஃபை 5 போனுக்கு இணைப்பு வேகமே 433, கைக்கு வருவது அதைவிட நன்றாகக் குறைவு. பட்டாசலில் 140. இரண்டாங்கட்டில் கேபிளில் 296, வைஃபையில் 225. அடுக்களையில் 110. காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரு வாரம் கேபிளில் அளந்ததில் இரவு 270க்குக் கீழே இறங்கவில்லை. ஜிபானில் ஒரு இழையின் 2.488 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடு வரை பங்கிடுகிறது. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால்தான் 300 நிற்கிறது. கேபிளில் அளந்தும் இரவில் மட்டும் பாதியாக இறங்கினால், தேதி, மணியோடு அந்த எண்களை வைத்துப் புகார் எண் வாங்கலாம். வைஃபை எண்ணை வைத்துப் புகார் கொடுத்தால் ரௌட்டரைப் பக்கத்தில் வை என்ற பதில்தான் வரும்.

மச்சில் 60. பலகைத் தளத்துக்கு இன்னொரு கேபிள் ஏற்றலாம். வகுப்புக்கு 60 போதும் என்று விட்டுவிட்டார்கள். புறவாசல் கேமராக்கள் 2.4இலேயே இருக்கின்றன, அவற்றுக்கு அது போதும்.